ஒரு தட்டு

எங்கள் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைனில் டேப்ரிக்கார்டர் இருந்தது மூன்றே வீட்டில். எங்கள் வீட்டுப் பெட்டிக்கு மூடி கிடையாது. கேசட் விழாமலிருக்க ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கும். 1994இல் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டிலிருந்து ‘காதலன்’ கேசட் வந்தது. மற்ற பையன்களெல்லாம் பிரபுதேவாவைப் போல முட்டியை மடக்கப் பழகிக்கொண்டிருக்க, என்னைப் பிடித்துக்கொண்டது ‘பேட்டை ராப்’.

ராப் என்பது அதற்கு முன்பே பாபா சேகல் புண்ணியத்தில் டிவியில் பார்த்ததுதான். ஆனால் அது இந்தி, எனக்கு வாயில் நுழையாது. இது தமிழ். எழுதியவர் இயக்குநர் ஷங்கர். சுரேஷ் பீட்டர்ஸின் குரலில் மூட்டை அவிழ்ந்த பட்டாணி மாதிரி கொட்டியது. மெட்ராஸ் பாஷை என்றார்கள். எனக்கென்னவோ அது பக்கத்து வீட்டுச் சண்டை போலத்தான் கேட்டது. தங்கச் சுரங்க வேலைக்கு வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இன்னா, வூடு, துன்னு எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. பள்ளிக்கூடத்தில் தப்பித்தவறி ‘இன்னா சார்’ என்றால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். அதே மாதிரி பேச்சு ரஹ்மான் இசையில் வருகிறதே என்று ஒரு திமிர். இப்போது நினைத்தால் அந்தத் திமிருக்காகவே பாட்டைப் பிடித்ததோ என்று தோன்றுகிறது.

நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். மனப்பாடம் ஒரு வாரத்தில் ஆகிவிட்டது. பாடினால்தான் நாலாவது அடியில் மூச்சு முட்டியது. ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து, பாடுகிறவர் எங்கே மூச்சு இழுக்கிறார் என்று தேடினேன். அடி முடிகிற இடத்தில் இழுக்கவில்லை. நடுவில், அழுத்தமான ஒரு சொல்லுக்குப் பின்னால் திருட்டுத்தனமாக இழுத்துக்கொள்கிறார். நோட்டில் அங்கங்கே சிவப்புப் புள்ளி வைத்தேன்.

வீட்டில் கத்திப் பழக வழியில்லை. நைனாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலெல்லாம் தூக்கம். லைன் வீடுகளுக்குச் சுவர் பொது, அக்கம்பக்கத்திலும் யாராவது நைட் முடித்துப் படுத்திருப்பார்கள். ஆகவே சயனைடு மேட்டுக்குப் போவேன். தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண், தலைமுறை தலைமுறையாகக் குவிந்து மலையாகிவிட்டது. மேலே ஏறினால் மாரிக்குப்பம் ரயில் கூவுவது கேட்கும். காற்றடித்தால் பாட்டோடு மண்ணும் வாய்க்குள் போகும். அதைத் துப்பவும் சேர்த்துத்தான் மூச்சுக் கணக்குப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா கேட்டுவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“ராப்னா இன்னான்னு தெரியுமாடா?”

“வேகமா பாடுறது, நைனா.”

“தட்டுறதுடா. எங்க ரூல் புக்குல இங்கிலீசுல அப்டித்தான் போட்டிருக்கும். ஓடுற கேஜ நிறுத்த ஒரு ராப்பு.”

அவருக்குச் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கேஜுக்கு, அதாவது ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டுக்கு, மணியடிக்கிற வேலை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. மேலே இன்ஜின் ரூமில் இருப்பவனுக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. மணியை எண்ணித்தான் ஆட்களை ஏற்றுவான், இறக்குவான், நிறுத்துவான். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடும்வரை அவர் கை அந்தக் கணக்கிலேயே இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் விரல் எதையாவது தட்டும்.

“நீ அவசரமா தட்டுனா மேல இருக்கிறவன் எப்டி எண்ணுவான்? உம்பாட்டுல எனக்கு ஒரு வார்த்தையும் புரியல” என்று எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துப்போட்டு விரலால் தாளம் பிடித்தார். பாதி வேகத்தில் சொல்லச் சொன்னார். அப்போதுதான் என் தப்பு பிடிபட்டது. எல்லா எழுத்தையும் ஒரே பலத்தோடு கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். சொல்லின் தலையை மட்டும் தாளத்தில் அடித்து, மீதியை உருட்டிவிட்டால் போதும். மூச்சு தானாக மிஞ்சியது. பத்து நாள் அந்தப் பாதி வேகத்திலேயே கிடந்தேன். அதன் பிறகுதான் கேசட்டோடு ஓட விட்டார்.

நடுவே தேனி குஞ்சரம்மாளின் குரல் வருமே, அந்த இடத்தை என் ஆயா பிடித்துக்கொண்டாள். அரிசி புடைத்தபடியே பாடுவாள். சுதி எங்கே போனாலும் தாளம் தப்பாது.

1995 ஏப்ரல் 14, அம்பேத்கர் ஜெயந்தி. லைன் முனையில் பலகை மேடை, இரண்டு குழல் ஸ்பீக்கர். வெறும் இசை மட்டும் உள்ள கேசட் எங்கே கிடைக்கும்? பாட்டையே சத்தம் குறைத்துப் போட்டு, அதன் மேல் நான் பாடவேண்டும். தொடக்கம் நன்றாக வந்தது. கைதட்டல் கேட்டதும் புத்தி கெட்டது, வேகமெடுத்தேன். கேசட் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சிவப்புப் புள்ளிகள் எல்லாம் கண்முன் வந்தன, மூச்சுதான் வரவில்லை.

அப்போது மேடைக்குப் பக்கத்திலிருந்த மூங்கில் கம்பத்தில் ஒரு சத்தம். டொக். ஒன்றே ஒன்று.

நின்றுவிட்டேன். கேசட் தன்பாட்டில் ஓடியது. யாரோ சிரித்தார்கள். குஞ்சரம்மாள் பாடி முடிக்கும்வரை மூச்சை இழுத்துக்கொண்டு நின்று, அடுத்த சுற்றில் தலையெழுத்தைச் சரியாகப் பிடித்து ஏறினேன். கடைசிவரை இறங்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நைனா பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. பீடி பற்றவைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஆயாதான் புலம்பிக்கொண்டு வந்தாள்: “நடுவுல நீ சும்மாதானேடா நின்னே, அந்த மைக்க எங்கைல குடுத்திருந்தா இன்னா?”