தோழர் என்றொரு சொல்

அண்ணாமலை நகருக்குப் பயிலச் சென்றபோது, தகரப் பெட்டியோடு தந்தையாரின் அறிவுரையொன்றையும் சுமந்து சென்றேன்: "அரசியல் வேண்டாம், தம்பி." மூன்றாம் வாரமே விடுதி மொட்டைமாடியில், இடதுசாரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் அமர்ந்திருந்தேன்.

1929இல் தோன்றிய அப்பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆர். உமாநாத், படிப்பைத் துறந்து பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்ததையும், 1940இல் சென்னைச் சதி வழக்கில் சிறைப்பட்டதையும் அங்குதான் அறிந்தேன். என் சாதியையோ மதத்தையோ எவரும் வினவவில்லை. 'தோழர்' என்றழைத்துத் தேநீரைப் பகிர்ந்தனர்.

கூலி உயர்வு வேண்டி உழவுத் தொழிலாளர் நடத்திய ஊர்வலத்திற்கு அவர்கள் அழைத்த நாளில் எனக்குத் தேர்வு. தந்தையாரின் முகம் நினைவில் எழ, தேர்வுக்கே சென்றேன்.

மாலையில் புழுதி படிந்த கால்களோடு திரும்பியவர்கள் கடிந்துரைக்கவில்லை. "தேர்வை நன்கு எழுதினீர்களா, தோழர்?" என்றே கேட்டனர். ஆசிரியனாகி ஆண்டுகள் பலவாகியும் அக்கனிவு என்னை நாணச் செய்கிறது.