இருக்கிறவர்களைத் தேடி: ஒரு வாலிபர் ஊழியரின் பயணக் குறிப்புகள்

நாட்காட்டி

என் ஆண்டு ஏப்ரல் கடைசியில், பள்ளிப் பிள்ளைகளின் முழுப் பரீட்சை முடிந்த கையோடு பிறக்கிறது. மே மாதத்தில் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி. கல்லூரி திறந்ததும் விடுதிகளில் புதுப் பிள்ளைகளைப் பார்க்க ஓட்டம். ஆகஸ்டிலிருந்து சேகரம் சேகரமாக வாலிபர் கூடுகை. காலாண்டு லீவில் முகாம். டிசம்பரில் கீதபவனி. புத்தாண்டு ஆராதனை முடிந்து மூச்சு விட்டால் லெந்து வந்து நிற்கும். நடுநடுவே ஊருக்கு ஒரு தேதியாக அசனப் பண்டிகை என்கிற சபை விருந்து.

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. எங்களுக்கு அது நல்லதுதான். நான்கு மாதம் முன்னால் எந்தச் சபை ஐயரும் தேதியை உறுதியாகச் சொல்வதில்லை. இரண்டு மாதம் என்றால் சொல்லிவிடுவார். அதையும் தவறவிட்டால் காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் தத்கால். அதுவும் கிடைக்காத நாளில் அரசுப் பேருந்து. ஆர்.ஏ.சி.யில் பக்கவாட்டு இருக்கையைப் பங்குபோட்டு உட்கார்ந்த இரவுகளை நான் வீண் என்று எண்ணியதில்லை. எதிரில் இருப்பது பெரும்பாலும் வேலைக்குத் திரும்புகிற ஒரு பையன். விழுப்புரம் தாண்டுவதற்குள் அவன் வீட்டுக் கதை முழுக்கத் தெரிந்துவிடும்.

பவுலின் மேலங்கி

தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பயணத்தில் அடிக்கடி எடுக்கிறேன். பவுல் காவலில் இருக்கிறார். மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேரும்படி கேட்கிறார். வரும்போது துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொல்கிறார். அத்தனை பட்டணம் சுற்றியவர் கேட்டு வாங்கிக்கொள்ள நினைத்த உடைமை அவ்வளவுதான்.

கார்ப்பு என்ன தொழில் செய்தார், எத்தனை பிள்ளைகள், ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒரு பொருளை நம்பி விட்டுவிட்டுப் போகலாம் என்கிற வீடு அவருடையது. எனக்கும் ஊருக்கு ஒரு கார்ப்பு உண்டு. சாத்தான்குளத்தில் ஒரு தையல்கடைக்காரர் வீட்டில் என் கீபோர்டு இருக்கிறது. திசையன்விளையில் ஓர் ஆசிரியர் வீட்டில் வி.பி.எஸ். சார்ட்டுகள். வள்ளியூரில் ஓர் அம்மா வீட்டுப் பரணில் முகாமுக்கான பாய்கள். மேடையில் ஏறுகிறவனை ஊர் பார்க்கிறது. அவன் வந்து சேர்வது இந்த வீடுகளால்.

தேரிப் பக்கம்

நாசரேத்தில் ரயிலைவிட்டு இறங்கி மெஞ்ஞானபுரம் பக்கம் போனால் செம்மணல் தேரியும் பனையும் உடைமரமுமாக நிலம் விரிகிறது. தூய பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் ஊருக்கு வெகுமுன்பே கண்ணில் படும். 1837-இல் இங்கே வந்த ஜான் தாமஸ் என்ற மிஷனரி கட்டத் தொடங்கியது. அவர் வந்து போனவர் இல்லை. 1870-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார்.

இறங்கியதும் முதல் கேள்வி: "ஸ்தோத்திரம் ஐயா, சாப்ட்டியளா?" பதில் எதுவானாலும் இலை விழும். காலையில் கருப்பட்டிக் காப்பி. இரவு தங்கும் வீட்டில் பிள்ளையின் கட்டில் எனக்கு வந்துவிடும். பிள்ளை பாய் விரித்துத் தரையில் படுத்துக்கொள்ளும். மறுநாள் அந்தப் பிள்ளையிடம் விட்டுக்கொடுத்தலைப் பற்றிப் பேசவேண்டிய பகுதி வந்தால், முந்தின இரவு அது செய்ததையே எடுத்துச் சொல்கிறேன். அது வெட்கத்தோடு தலையைக் குனியும். மற்ற பிள்ளைகள் அதைத் திரும்பிப் பார்க்கும். அந்தச் செய்தி அவர்கள் மனதில் தங்கிவிடும்.

பதிவேடும் பாயும்

வாலிபர் ஐக்கியப் பதிவேட்டில் பேர் நிறைய. விரித்த பாயில் ஆள் கொஞ்சம். பெரியவர்கள் இதை எண்ணி வருந்துகிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை" என்று ஒருவர் சொன்னார். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகள் ஓசூரில் இருக்கிறார்கள், ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறார்கள், திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு ஷிப்டு. வார விடுப்பு ஞாயிற்றில் விழும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இரவு ஷிப்டு முடித்து வந்தவருக்கு ஞாயிறு ஆராதனை நேரம் உறங்கும் நேரம். ஆகவே அவர்களுக்கு ஏற்ற நேரத்தில், அவர்கள் இருக்கும் இடத்துக்கு நானும் போகிறேன்.

ஓசூரில் ஒரு மெஸ்ஸின் மாடி அறையில் வாரநாள் ராத்திரி கூடுகிறோம். இரண்டு பாட்டு, ஒரு சங்கீதம், ஜெபம். பிறகு பேச்சு. கிளம்பும்போது ஒரு பெண் தனியாக வந்து சொன்னாள்: "எங்க ஊருப் பக்கம் போனா அம்மாவ ஒரு எட்டு பாத்துட்டு வாங்கண்ணே. போன்ல நல்லாருக்கேன்னுதான் சொல்லுதா." போய்ப் பார்த்தேன். அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வாலிபனை அழைத்து, மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தோம். அடுத்த தடவை ஓசூர் போனபோது என் பையில் அந்த அம்மா கட்டிக்கொடுத்த கருப்பட்டி மிட்டாய் இருந்தது. இரண்டு ஊர்களுக்கு நடுவே இப்படிப் போய்வர ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

ஐத்திகு

துரோவாவில் பவுல் நடுராத்திரிவரை பேசுகிறார். ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து கீழே விழுகிறான். இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்கு வாசித்தால் சிரிப்பார்கள். அதற்கு அடுத்த வரியைத்தான் நான் மெதுவாக வாசிப்பேன். பவுல் பிரசங்கத்தை விட்டுவிட்டு இறங்கிப் போகிறார், விழுந்தவனை அணைத்துக்கொள்கிறார்.

நான் பேசுவது இருபத்தைந்து நிமிடம். அதற்குமேல் ஒருபோதும் போவதில்லை. பிள்ளைகள் மனம் திறப்பது கூட்டம் முடிந்து தட்டு கழுவும் இடத்தில், பாத்திரம் ஏற்றும் ஆட்டோவின் பின்னால், "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று. அந்த ஒரு நிமிஷத்துக்காக மற்ற எல்லாவற்றையும் சுருக்கலாம்.

காதில் விழுந்தபின்

ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால் ஜெபித்து அனுப்பிவிடக் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் மறைப்பது குற்றம். சபையின் பேர் கெடும், குடும்பத்தின் மானம் போகும் என்று தடுப்பவர்கள் வருவார்கள். பிள்ளையைவிடப் பெரிய பேர் எந்தச் சபைக்கும் இல்லை. எங்கள் முகாம்களில் பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருப்பதில்லை. ஆலோசனை பேசுவது எல்லோர் கண்ணிலும் படும் மரத்தடியில். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை முதல் நாளே பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம்.

பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் நான் எந்தக் கூட்டமும் ஒப்புக்கொள்வதில்லை. போன் கையிலேயே இருக்கும். மதிப்பெண் குறைந்த பிள்ளையின் வீட்டில் அன்றைக்கு யாராவது போய் உட்கார வேண்டும். மனம் உடைந்தவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் சேர்த்துக் கொடுக்கிறோம். ஜெபமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று சொல்லிக்கொடுத்தவர்களால் பல பிள்ளைகள் தனியாகத் தவித்திருக்கிறார்கள்.

வெள்ளாளன்விளைக்காரர்

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தார். அப்பா கிராமத்துப் போதகர். 1895-இல் ஒய்.எம்.சி.ஏ. ஊழியத்தில் சேர்ந்து தென்னிந்தியாவெங்கும் வாலிபர்கள் நடுவே சுற்றினார். என் தொழிலுக்கு அவர் முன்னோடி. 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியர்களை அனுப்பித் தாங்குவதைக் கண்டார். மறு ஆண்டே நெல்லையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கிற்று. பணமும் ஆட்களும் நெல்லைச் சபையாருடையவை.

பிறகு அவர் செய்ததுதான் என்னை உலுக்குகிறது. சங்கத்தின் ஊழியர்கள் போயிருந்த தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு 1909-இல் தானும் போய்ச் சேர்ந்தார். பதினான்கு ஆண்டு ஊர் ஊராய்ப் போனவர் ஓரிடத்தில் தங்கினார். தெலுங்கு கற்றார். 1910-இல் எடின்பரோ மாநாட்டில், வெளிநாட்டு மிஷனரிகளிடம் நட்பைக் கேட்டார். பணத்தையும் தியாகத்தையும் தந்தவர்கள் சமமாக உட்கார்ந்து நண்பர்களாக இருக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லிலேயே இறந்தார்.

அவர் பயணம் செய்த காலம் வீணாகவில்லை. எங்கே தங்க வேண்டும், யாரோடு தங்க வேண்டும் என்பதை அந்தப் பயணங்கள் அவருக்குக் காட்டின.

ஏரல் பக்கம்

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி பொங்கி ஏரல் துண்டிக்கப்பட்டது. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்து ஊர் மக்கள் இருந்த அரிசியைப் பொங்கிக் கொடுத்தார்கள்.

தண்ணீர் வடிந்தபின் நாங்கள் சேற்றை வாரப் போனோம். வெளியூர் வேன்கள் நிவாரணப் பொருளோடு மெயின் ரோட்டில் நின்றன. எந்தச் சந்துக்குள் போவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. உள்ளூர் வாலிபர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் பாட்டி, எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோயிற்று, எல்லாம் விரல்நுனியில். கூடுகைக்கு வராதவர்கள் என்று பதிவேட்டில் குறிக்கப்பட்ட பையன்களும் அவர்களில் இருந்தார்கள். சபையென்றும் சாதியென்றும் மதமென்றும் பார்க்காமல் வீடு வீடாகப் போனார்கள். அவர்களுக்கு நான் அன்று எதையும் போதிக்கவில்லை. மண்வெட்டி பிடித்தேன்.

ஓய்வுநாள் பாடசாலை டீச்சர்

தேரி ஓரத்துச் சிற்றூர். ஓய்வுநாள் பாடசாலை நடத்துகிற அக்கா பகலில் பீடி சுற்றுகிறார். கூட்டம் முடிந்து பிள்ளைகள் ஆரவாரமாகக் கலைந்தபோது என்னிடம் சொன்னார்: "நீங்க வந்தா பிள்ளையளுக்குச் சந்தோசம்தான் ஐயா. நீங்க போனப்புறமும் அதுவ பாடணும்லா?"

அன்று மாலை பிள்ளைகளை விட்டுவிட்டு அக்காவோடு உட்கார்ந்தேன். அடுத்த மூன்று மாதத்துக்கான பாடங்களை எழுதினோம். புதுப் பாட்டுகளுக்கு மெட்டு மறக்காதபடி அவர் போனில் பாடிப் பதிந்து கொடுத்தேன்.

லீஸ்திராவுக்குப் பவுல் வந்தபோது தீமோத்தேயு அங்கே ஆயத்தமாக இருந்தான். பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் வளர்த்த பிள்ளை அவன். பவுலுக்கே அது தெரியும். கடிதத்தில் இருவர் பேரையும் எழுதிவைத்தார். ஓர் ஊரில் இறங்கியதும் நான் முதலில் விசாரிக்க வேண்டியது இந்த லோவிசாள்களைத்தான். அவர்கள் கையைப் பலப்படுத்திவிட்டுப் போனால் என் வேலை முடிந்தது.

அடுத்த சுற்றுக்கு முன்

கிளம்புமுன் வீட்டில் முழுதாக ஒரு வாரம். மகளின் கணக்குப் பாடம். மனைவியோடு மாமியார் வீடு. அந்த வாரத்தில் எந்தக் கூட்டத்தையும் குறிக்கக்கூடாது.

டீச்சர் அக்காவுக்கு டிசம்பர் நாடக வசனம் அனுப்ப வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

ஏரல் பையன்களில் இருவரை முகாம் பொறுப்பாளர்களாகக் கேட்க வேண்டும். பேச வேண்டாம், நடத்தினால் போதும் என்று சொல்ல வேண்டும்.

ஓசூர் மாடி அறைக் கூடுகையை இனி அந்தப் பிள்ளைகளே நடத்தட்டும். யார் சங்கீதம் வாசிப்பது, யார் ஜெபிப்பது என்று அவர்களே முறை வைத்துக்கொள்ளட்டும். நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பாயில் உட்கார்ந்தால் போதும்.

கால் வீங்கிய அம்மாவுக்கு மறுபரிசோதனை எப்போது என்று பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கேட்க வேண்டும்.