கூலி நிலவரம்

1986இல் விருதுநகரில் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தேன். அங்கிருந்து தினமும் ஒரு வியாபாரப் பத்திரிகை வரும். பத்திரிகை என்றால் நாலு பக்கம்தான். சினிமா கிடையாது, கொலை கொள்ளை கிடையாது. துவரம் பருப்பு 100 கிலோ, மல்லி 40 கிலோ, கடலை எண்ணெய் 15 கிலோ டின், கடலைப் புண்ணாக்கு, முண்டு வத்தல், சம்பா வத்தல் என்று வரிசையாகச் சரக்கும் விலையும். கீழே ரெண்டு வரி: 'வத்தல் வரத்து குறைவு, விலை ஏறுமுகம்', 'பருப்பு மந்தம்'. அம்புட்டுதான்.

அந்த ரெண்டு வரியில்தான் சுற்றுவட்டாரத்து வியாபாரமே ஓடும். சாயந்தரம் ஒரு ஆள் கமிஷன் கடைகளுக்குப் போய், அன்னிக்கு எது என்ன விலைக்குக் கைமாறுச்சுன்னு எழுதிக்கிட்டு வருவார். ராத்திரி கோர்த்து அச்சடித்து, விடியக்காலை பஸ்ஸிலும் தபாலிலும் சாத்தூர், அருப்புக்கோட்டை, கோவில்பட்டி என்று போகும். அங்கே மளிகைக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுத்தான் தராசைத் தொடுவார். ஏறுமுகம் என்றால் போன மாசம் வாங்கிப் போட்ட பருப்புக்கும் அன்னிக்கே விலை ஏறிவிடும். இறங்குமுகம் என்றால் "பழைய சரக்குய்யா, பழைய வெலதான்" என்பார். மூட்டையோடு வருகிற சம்சாரிக்கு இது நேர்மாறு. விலை இறங்கின அன்னிக்குப் பத்திரிகை அவன் முகத்துக்கு நேரே விரியும். ஏறின அன்னிக்கு அது திண்டுக்கு அடியில் போய்விடும்.

வேலையில் சேர்ந்தபோது எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன், பிழை இல்லாமல் கோர்த்தேன், அது போதுமாயிருந்தது. எல்லாரும் மொண்டு குடிக்கிற பானையில் நானும் மொண்டு குடித்தேன். எல்லாரும் குடிக்கிற டம்ளரில் டீ குடித்தேன். ஒவ்வொரு வாய்க்கும் பயம்தான்.

சரக்குப் பெயர்களைத் தினமும் கோர்க்க வேண்டியதில்லை. கயிறு கட்டி அப்படியே நிற்கும். எண்களை மட்டும் பிடுங்கிவிட்டுப் புதுசு செருக வேண்டும். முண்டு வத்தல் முண்டு வத்தலாகவே இருக்கும், பக்கத்தில் எண் மட்டும் ராவோடு ராவாக மாறும்.

நான் ராத்திரி எண் மாற்றுகிற அந்த வத்தலை எங்கம்மா பகலில் குடோனில் உட்கார்ந்து காம்பு கிள்ளியது. இருபது பொம்பளைகள், எல்லாம் எங்க தெருதான். கிலோவுக்கு 30 பைசா. விடிஞ்சதிலிருந்து பொழுது சாய்கிற வரை கிள்ளினால் ஆறு ரூபாய் தேறினால் பெரிசு. கை காந்தும். ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு ரெண்டு கையையும் விரித்துப் போட்டுப் படுத்திருக்கும். என் தங்கச்சி கைப்பிள்ளையாக இருந்தபோது அழுகிற பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட முடியாது. புறங்கையால்தான் தொடும்.

ஒரு வாரம் வத்தல் விலை நாலு நாள் தொடர்ந்து ஏறியது. நாலு ராத்திரியும் எண்ணை மாற்றியவன் நான். வீட்டில் வந்து கேட்டால் அதே 30 பைசா. "போன தீவாளிக்கு முன்னாடியிருந்து இதே கூலிதாண்டா" என்றது அம்மா. மறுநாள் ராத்திரி முண்டு வத்தலுக்குக் கீழே ஒரு வரி கோர்த்துச் சேர்த்தேன்: 'காம்பு கிள்ளும் கூலி, கிலோ 0.30'. விளையாட்டுக்குச் செய்யவில்லை. விலைப் பட்டியலில் அதுவும் இருக்க வேண்டியதுதான் என்று நிஜமாகவே நினைத்தேன்.

புரூப் பார்த்த மொதலாளி சிவப்பு மையால் அடித்தார். கோபப்படவில்லை. சின்னப் பையனுக்குக் கணக்குச் சொல்லித் தருவதுபோலச் சொன்னார்: "ஏம்ப்பா, இது வெல இல்ல, செலவு. செலவையெல்லாம் பத்திரிகையில போடுவாங்களா?"

அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கணக்கு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மா கிள்ளுறாங்கய்யா."

"எந்தத் தெரு?"

சொன்னேன்.

அந்த வரியை நானேதான் பிடுங்கினேன். மறுநாள் டீ வந்தபோது எனக்கு மட்டும் தனி டம்ளர். ஜன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. யாரும் ஒண்ணும் சொல்லவில்லை. நான் குடிக்கவில்லை. பத்தே நாளில் 'ஆள் கூடுதலா இருக்கு' என்று கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

வெறுங்கையோடு வரவில்லை. கழித்துப் போட்ட தாள்களைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு மாசத்து விலை அதில் இருந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அம்மா மற்றவர்களுக்குச் சொன்னது. ஒருநாள் காலையில் இருபது பேரும் சாக்கைப் பிரிக்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளை "யாவாரம் மந்தம்" என்றார். "மந்தமா? ஒங்க பேப்பர்ல ஏறுமுகம்னுல்ல போட்ருக்கு" என்று அம்மா மடியிலிருந்து தாளை எடுத்து நீட்டியது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்த வரியில் விரல் வைக்க வேண்டும் என்று நான் காட்டிக் கொடுத்திருந்தேன். மத்தியானத்துக்குள் 5 பைசா கூடியது. அஞ்சு பைசா ஒரு காசா என்று கேட்கலாம். காந்துகிற கையோடு 20 கிலோ கிள்ளியவர்களிடம் போய்க் கேளுங்கள்.

அந்தப் பத்திரிகையைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. விலை தெரிவது என்ன பலம் என்று அதில்தான் கற்றுக்கொண்டேன். 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நாடார்கள்மேல் வழக்குப் போட்டார்கள். 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றார்கள். கோயில் கதவு திறக்காதபோதும் வியாபாரத்தை விடவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்தார்கள், அந்தக் காசில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அது பெரிய காரியம். ஆனால் அந்தக் கணக்கில் மூட்டை வந்தது, மூட்டை சுமந்தவன் வரவில்லை.

பத்திரிகையின் அருமை நம்மவர்களுக்கும் தெரியாமல் இல்லை. அயோத்திதாசர் 1907இல் விலையையே பெயரில் வைத்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு வாங்கிக்கொண்டு விளம்பரம் போடக் கேட்டும் 'கேசரி' மறுத்தது. நம்ம கையில் இருக்கும்போது காசுக்கும் தீட்டு.

கூலிக்கு அரசாங்கம் கணக்கு வைக்காமலும் இல்லை. 1948இலேயே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அறிவித்த கூலி அரசிதழில் வந்தது. அரசிதழை எந்த டீக்கடையில் வாசித்தார்கள்?

இப்போது ஈய எழுத்தும் இல்லை, டிரெடில் மிஷினும் இல்லை. 2016 ஏப்ரல் 14இல், பார்த்துப் பார்த்து அம்பேத்கர் பிறந்த நாளில்தான், மத்திய அரசு இ-நாம் என்ற மின்னணு வேளாண் சந்தையைத் தொடங்கியது. விளைபொருள் விலையைக் கையிலிருக்கும் போனிலேயே பார்க்கலாம். தங்கச்சி மகன் வத்தல் விலையை எடுத்துக் காட்டினான். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். கிள்ளுகிற கூலிக்கு ஒரு வரி இல்லை.

தோழர்களே, உங்க ஊரில் களையெடுக்க எவ்வளவு, மூட்டை ஏற்ற எவ்வளவு, ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். நம்ம பத்திரிகைகளில் ஒவ்வொரு இதழிலும் அரைப் பக்கம் இதற்கு ஒதுக்குவோம். பக்கத்து ஊரில் கூலி கூட என்று அச்சில் இருந்தால், இந்த ஊரில் கேட்கப் போகிறவர் கையில் ஒரு தாளாவது இருக்கும். முதல் வரியை நான் தருகிறேன்:

காம்பு கிள்ளும் கூலி, விருதுநகர், 1986, கிலோ 0.30.

ஒருமுறை சிவப்பு மையால் அடித்த வரி இது. இப்போதாவது அச்சில் வரட்டும்.