பெயர் சொல்லி அழைக்காத ஊர்

மேகாலயாவின் கோங்தோங் கிராமத்தில் ஒவ்வொருவருக்கும் தாய் தந்த மெட்டு ஒன்று உண்டு. சாலையும் செல்போனும் சுற்றுலாவும் வந்த பிறகு அந்த மெட்டுகளின் கதி என்ன?

பள்ளத்தாக்கின் ஒரு பக்கத்திலிருந்து குரல் எழுகிறது. 'ஊ' என்றும் 'ஓ' என்றும் ஏறி இறங்கும் ராகம். அதில் வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஏதோ பறவை என்று புதிதாக வந்தவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, எதிர்ச் சரிவில் துடைப்பப் புல் அறுப்பவர் நிமிர்ந்து பார்க்கிறார். அழைப்பு அவருக்கு. பக்கத்தில் வேலை செய்யும் மற்றவர்கள் தலை தூக்குவதில்லை. அது அவர்கள் மெட்டு அல்ல என்பது முதல் இரண்டு சுரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

கிழக்கு காஸி மலை மாவட்டத்தில், தலைநகர் ஷில்லாங்கிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது கோங்தோங். தூரம் குறைவுதான், ஆனால் பயணம் நீளும். சிரபுஞ்சி என்று பாடப் புத்தகத்தில் படித்தோமே, அந்த சோஹ்ரா இருக்கும் மழை நாடு இது. பெய்த மழை பல யுகங்களாக அறுத்து அறுத்து உண்டாக்கிய ஆழமான பள்ளத்தாக்குகளுக்கு நடுவே, ஒரு முகட்டின் மேல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. இங்கே வசிப்பவர்கள் சுமார் 700 பேர். துடைப்பப் புல், பாக்கு, தேன் ஆகியவைதான் பிழைப்பு. மின்சாரம் வந்தது 2000-ல். வண்டி வரும் மண் சாலை 2013-ல். அதற்கு முன்பு, விற்கவேண்டிய எதையும் முதுகில் சுமந்து மணிக்கணக்கில் நடந்தால்தான் சந்தை.

அரசாங்கப் பதிவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எல்லோருக்கும் வழக்கமான பெயர் இருக்கிறது. ஆனால் ஊருக்குள் புழங்குவது 'ஜிங்ர்வாய் இயாவ்பெய்'. 'ஜிங்ர்வாய்' என்றால் பாட்டு. 'இயாவ்பெய்' என்றால் குலத்தின் ஆதித் தாய். காஸி சமூகத்தில் குலப் பெயர் தாய் வழியில் வருகிறது. பூர்வீக வீடு கடைசி மகளுக்குப் போகிறது. அந்த ஆதித் தாயை நினைத்து, குழந்தை பிறந்ததும் தாய் ஒரு மெட்டைக் கட்டுகிறாள். தகப்பனுக்கு அந்த வேலை இல்லை. தொட்டில் பருவத்திலிருந்து காதில் விழுந்துகொண்டே இருப்பதால், தன் மெட்டு எது என்பது குழந்தைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஒருவருடைய மெட்டு இன்னொருவருக்குக் கிடையாது. அவர் இறந்தால் மெட்டும் அவரோடு போய்விடும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம்.

மெட்டு இரண்டு அளவில் இருக்கிறது. நீளமானது காட்டுக்கும் வயலுக்கும். அதிலிருந்து கிள்ளி எடுத்த சில வினாடித் துணுக்கு வீட்டுக்கும் முற்றத்துக்கும். காட்டில் பெயரைச் சொல்லிக் கூப்பிடாததற்கு ஊரார் ஒரு காரணம் சொல்கிறார்கள்: காட்டில் ஆவிகள் உண்டு, அவற்றின் காதில் பெயர் விழுந்தால் அந்த ஆளுக்கு நோய் வரும். மெட்டு என்றால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஆவிக்குப் புரியாது.

ஆவியை நம்பாதவர்களுக்கு ஒலி இயல் வேறொரு காரணம் தரும். பேச்சில் ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதில் க், ச், த் போன்ற மெய் எழுத்துகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தூரம் கூடினால் முதலில் காற்றில் கரைந்து போவதும் அவைதான். நீட்டி ஒலிக்கும் உயிரோசையும் அதன் ஏற்ற இறக்கமும் நெடுந்தூரம் தாங்கும். வயலின் மறுகோடிக்குக் குரல் கொடுப்பவர் யாராக இருந்தாலும் 'ஏ...', 'ஓ...' என்றுதான் இழுப்பார்; 'இங்கே வாருங்கள்' என்று திருத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். கோங்தோங்காரர்கள் அந்த 'ஓ...'வுக்குள்ளேயே ஆளின் அடையாளத்தையும் வைத்துவிட்டார்கள்.

வெளியுலகம் இதற்கு 'சீழ்க்கை கிராமம்' என்று பெயர் சூட்டியிருக்கிறது. அது அவ்வளவு பொருத்தமில்லை. மெட்டு பெரும்பாலும் தொண்டையிலிருந்து வருகிறது. தவிர, உலகின் புகழ்பெற்ற சீழ்க்கை மொழிகளும் இதுவும் ஒன்றல்ல. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் ஒன்றான லா கொமேராவில் வழங்கும் சீழ்க்கை, ஸ்பானிய மொழியையே ஊதலாக மாற்றிவிடும். அதில் 'நாளை ஆடு வாங்க வா' என்றுகூடச் சொல்லலாம். 2009-ல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோங்தோங்கின் மெட்டோ யாரைக் கூப்பிடுகிறோம் என்பதை மட்டும் சொல்லும். எதற்காக என்பதைச் சொல்லாது. ஆள் திரும்பிய பிறகு மிச்சத்தை வார்த்தையில்தான் பேசவேண்டும்.

ஆனால் சொல்லாமல் சொல்லும் சங்கதி ஒன்று இருக்கிறது. பிள்ளை தப்புச் செய்து பெற்றோர் மனம் நொந்துபோனால், அன்று மெட்டு வராது. பதிவேட்டுப் பெயர்தான் வரும். தன் சொந்தப் பெயரை வீட்டில் கேட்டதுமே பிள்ளைக்கு விஷயம் விளங்கிவிடும். கோபத்தைக் காட்டக் குரலை உயர்த்தவேண்டியதில்லை. பாடாமல் இருந்தால் போதும்.

இந்த மெட்டுகளுக்கு எழுத்து வடிவம் இல்லை. காஸி மொழிக்கே எழுத்து வந்தது 19-ம் நூற்றாண்டில்தான். 1841-ல் சோஹ்ராவுக்கு வந்த தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு மிஷனரி ரோமன் எழுத்தில் அதை எழுதத் தொடங்கினார். மொழி அப்படித் தாளில் ஏறிவிட்டது. மெட்டுகள் இன்றும் ஊராரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன.

அதனால்தான் கவலை. சாலை வந்ததும் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போக முடிகிறது. புல்லுக்கும் தேனுக்கும் வண்டி கிடைக்கிறது. அதே சாலையில் பிள்ளைகள் படிக்கவும் வேலை தேடவும் ஷில்லாங் போகிறார்கள். எதிர்ச் சரிவில் இருப்பவரைக் கூப்பிட செல்போன் போதும். அதே சாலையில் சுற்றுலாவும் வந்தது. 2021-ல் ஐ.நா. உலக சுற்றுலா அமைப்பின் 'சிறந்த சுற்றுலாக் கிராமம்' போட்டிக்கு இந்தியா பரிந்துரைத்த மூன்று ஊர்களில் கோங்தோங்கும் ஒன்று. பரிசு தெலங்கானாவின் போச்சம்பள்ளிக்குப் போனது. 2022-ல் பிரதமர் மோடிக்கே ஒரு மெட்டைக் கட்டி அனுப்பினார்கள். அவரும் நன்றி தெரிவித்தார்.

வருமானம் வருவதை யார் குறை சொல்ல முடியும்? ஆனாலும் காமிராவுக்கு முன்னால் நின்று பாடும்போது ஒரு மெட்டு தன் வேலையை இழந்துவிடுகிறது. அது கூப்பிடுவதற்காகப் பிறந்தது. கேட்டு நிமிர்ந்து பார்க்க ஆள் இல்லாத அழைப்பு வெறும் கச்சேரிதான். ஊருக்குப் போகிறவர்கள் 'பாடிக் காட்டுங்கள்' என்று கேட்காமல், ஒரு ராத்திரி தங்கி, விடியற்காலையில் காது கொடுத்தாலே போதும். கேட்கவேண்டியது தானாக வந்து சேரும்.

நீள மெட்டு காட்டை நம்பி இருக்கிறது. காட்டு வேலை குறையக் குறைய அதுவும் குறையலாம். குறு மெட்டுக்குப் பள்ளத்தாக்கும் வேண்டாம், ஆவியும் வேண்டாம். அதற்கு ஒரு தாயும் குழந்தையும் போதும். கோங்தோங்கில் பிறந்த பெண் நாளை ஷில்லாங்கின் ஒற்றை அறை வாடகை வீட்டில் பிள்ளை பெற்று, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்காத குரலில் அதற்கு ஒரு மெட்டைக் கட்டுவாளா? அந்த ஊரின் வழக்கம் நிலைப்பதும் போவதும் அங்கேதான் தீர்மானமாகும்.