நோன்ஸான் வாசலில்

ஸியோல் நகரில் நான் தங்கியிருந்த சிறு விடுதியை நடத்தியவர் ஓர் ஐம்பத்தைந்து வயது அம்மாள். காலையில் சுடச்சுடச் சாதமும் முட்டைக்கோஸ் கிம்ச்சியும் வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குக் கொரிய மொழி தெரியாது. கைபேசிதான் எங்களுக்குத் துபாஷி. அது சில சமயம் "உப்பு போதுமா?" என்பதைக்கூட ஏதோ தத்துவ விசாரமாக மாற்றிவிடும். ஆனாலும் எங்கள் சிநேகத்துக்குக் குறைவில்லை.

ஒரு மாலை, கூடத்தில் உட்கார்ந்து 'டி.பி.' என்ற தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த அம்மாளின் முகம் சட்டென்று வெளுத்துவிட்டது. கைபேசியில் அவர் சொன்ன வாக்கியம் இப்படி வந்தது: "தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அடுத்த வாரம் என் பிள்ளை போகிறான்."

கொரியத் தொடர்கள் என்றால் நம் வீடுகளில் காதல்தான் நினைவுக்கு வரும். ராணுவம் என்றாலோ, 2016-ல் வந்த 'டிஸெண்டன்ட்ஸ் ஆஃப் தி ஸன்' தொடரின் அழகான காப்டன். ஆனால் அந்த நாட்டில் ராணுவம் என்பது வீட்டுக்கு வீடு நடக்கிற சமாசாரம். உடல்நலமுள்ள ஆண்பிள்ளைகள் எல்லோரும் போயாக வேண்டும். தரைப்படையில் 18 மாதம். காரணம், 1953 ஜூலை 27-ல் கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டுமே. சமாதான உடன்படிக்கை இன்றுவரை ஏற்படவில்லை.

2021-ல் வெளியான 'டி.பி.' தொடரின் கதாநாயகனுக்கு ஒரு விசித்திரமான வேலை. ராணுவத்திலிருந்து ஓடிப்போகிற சிப்பாய்களைத் தேடிப் பிடித்து வர வேண்டும். அவர்கள் ஏன் ஓடினார்கள் என்பதுதான் கதை. தாமே அந்த வேலையைப் பார்த்த கிம் போ-தோங் என்பவர் வரைந்த சித்திரக் கதையிலிருந்து எடுத்தது இது. சுவரில் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது. மூத்த சிப்பாய் ஒருவன், புதிதாக வந்த பையனை அதற்கு நேரே நிறுத்தி மார்பில் கை வைத்துத் தள்ளுகிறான். சுற்றி நிற்பவர்கள் வாய் திறப்பதில்லை. குழந்தைகளுக்குப் படம் வரையக் கற்றுக் கொடுத்த ஒரு சாதுவான வாத்தியாரும் அங்கே அகப்பட்டுக்கொள்கிறார். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்களே, கடைசியில் அதுதான் நடக்கிறது.

மறுநாள் யோங்ஸானிலுள்ள போர் நினைவகத்துக்குப் போனேன். பழைய ராணுவத் தலைமையகம் இருந்த இடத்தில் 1994-ல் திறக்கப்பட்டது. வாசலருகே 11 மீட்டர் உயரத்தில் ஒரு சிலை. தெற்கின் அதிகாரியாக அண்ணன், வடக்கின் சிப்பாயாகத் தம்பி. போர்க்களத்தில் சந்தித்துக் கட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் நிற்கும் பாறையில் நெடுகப் பிளவு. அந்தப் போரில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்ய லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் நம் வைத்தியப் படையும் 1950-லேயே அங்கே போயிருந்தது.

சிலையின் கீழே நின்றபோது தொடரில் வந்த ஒரு பேச்சு ஞாபகம் வந்தது. நிலைமை மாறிவிடும் என்று ஒருவன் ஆறுதல் சொல்ல, அந்த வாத்தியார் தம் தண்ணீர்க் குடுவையை நினைவூட்டுகிறார். அதில் பொறித்திருக்கும் வருஷம் 1953. குடுவையே மாறாத இடத்தில் வேறு எது மாறும் என்பது அவர் கேள்வி.

தொடர்களில் வருவதெல்லாம் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. 2014-ல் ஓர் இளம் சிப்பாய், கூட இருந்த மூத்த சிப்பாய்கள் அடித்து அடித்தே இறந்துபோனான். 2017-ல் ஒரு நான்கு நட்சத்திர ஜெனரலின் வீட்டில், சிப்பாய்களை வேலைக்காரர்களாக நடத்தினார்கள் என்று புகார் கிளம்பியது. ஜெனரலின் மனைவி மீதே குற்றச்சாட்டு! அதன் பிறகு அதிகாரிகள் வீட்டுக்குச் சிப்பாய்களை அனுப்பும் வழக்கமே எடுக்கப்பட்டது. இந்த அதிகாரத் திமிருக்குக் கொரியர்கள் 'கப்ஜில்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆண் பெண் பேதம் கிடையாது. 2022-ல் வந்த 'மிலிட்டரி ப்ராஸிக்யூட்டர் டோபர்மன்' தொடரில், ஒரு படைப்பிரிவையே ஆட்டிப் படைக்கும் தளபதி ஒரு பெண்மணி!

அடுத்த வாரம் அம்மாள் என்னையும் நோன்ஸானுக்கு அழைத்துப் போனார். நாட்டின் பெரிய பயிற்சி முகாம் அங்கேதான் இருக்கிறது, 1951-ல் ஏற்பட்டது. கூட வந்தவன் மூத்த பிள்ளை. முப்பதைத் தாண்டியவன், ஆங்கிலம் பேசுவான். கடைக்குட்டியோ மொட்டைத் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். முகாம் வாசலில் சாப்பாட்டுக் கடைகளும் முடி வெட்டும் கடைகளும் நிறைந்திருந்தன. கல்யாணக் கூட்டம் போல் ஜனம். ஆனால் யார் முகத்திலும் கல்யாணக் களை இல்லை.

அம்மாள் மெள்ளச் சொன்னார்: "பெரியவன் பட்டாளத்தில் இருந்த காலத்தைப் பற்றி ஒன்றுமே சொன்னதில்லை. அந்தத் தொடரைப் பார்த்த பிறகு கேட்டேன். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டான்."

சற்றுத் தள்ளி நின்றபோது பெரியவனிடம் நானே கேட்டுவிட்டேன். வெகு நேரம் தரையைப் பார்த்தான்.

"நான் வாங்கிய அடிகளை அம்மாவிடம் சொல்லியிருக்கலாம், அக்கா. மூத்தவனான பிறகு நான் கொடுத்ததை எப்படிச் சொல்வது?"

எனக்குப் பேச்சு எழவில்லை. மாமியாரும் ஒரு காலத்தில் மருமகள்தானே என்று நம்மூரில் சொல்கிறோம். பட்டவள் பிறகு படுத்துகிறாள். பட்டாளத்திலும் அதே கணக்குத்தான். வீட்டில் பல வருஷம் எடுப்பது அங்கே சில மாதங்களில் நடந்துவிடுகிறது.

இரண்டு மணி அடிக்கும் சமயம், கடைக்குட்டி தாயின் முன்னால் மண்ணில் விழுந்து வணங்கினான். பெரியவன் அவனைத் தூக்கி நிறுத்தி, சட்டையிலிருந்த புழுதியைத் தட்டிவிட்டான். ஏதோ சொன்னான். என்னவென்று பின்னால் கேட்டேன்.

"யாராவது அடித்தால் மறைக்காமல் எங்களிடம் சொல்லு. நீ மூத்தவனாகும்போது யாரையும் அடிக்காதே. முதலாவதைவிட இரண்டாவதுதான் கஷ்டம்."

தாயின் காதில் விழும்படியேதான் சொல்லியிருக்கிறான். அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும் ரயிலில், பெரியவனின் கையைத் தம் மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

காலம் அடியோடு மாறாமலும் இல்லை. வேலை நேரம் முடிந்தபின் சிப்பாய்கள் கைபேசியில் பேச 2020 முதல் முறையாக அனுமதி உண்டு. சிப்பாய்களின் குறைகளைக் கேட்கவென்றே 2022-ல் மனித உரிமை ஆணையத்தில் தனி அதிகாரியை ஏற்படுத்தினார்கள். பிள்ளையை இழந்த தாய்மார்கள் படியேறிப் படியேறிப் பெற்ற பலன் அது.

நான் புறப்படுவதற்கு முன்தினம் தபாலில் ஓர் அட்டைப் பெட்டி வந்தது. முகாமில் சீருடை கொடுத்ததும், உடுத்திப் போன துணியை வீட்டுக்கு அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். உள்ளே சட்டை, கால்சராய், பூட்ஸ், நாலு வரிக் கடிதம். அம்மாள் சட்டையை முகர்ந்து பார்த்தார். துவைக்கப் போடவில்லை, மடித்து அலமாரியில் வைத்தார். பூட்ஸை மட்டும் வாசலில், பெரியவனின் செருப்புக்குப் பக்கத்தில், வீட்டுக்குள் நுழைகிறாற் போல் வைத்தார்.

பதினெட்டு மாதம் அது அங்கேயே இருக்குமாம்.