வழி சொல்லும் கருவி

புனே நகரின் வடமேற்கே, பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சியின் எல்லைக்குள் இருக்கிறது நிக்டி. தொழிற்சாலைகள் நிறைந்த இவ்வட்டாரத்தில், வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. நிக்டியை அடுத்த தேஹு ரோடு வழியாக 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. தில்லியில் தொடங்கும் அச்சாலை புனே, சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, பெங்களூரு, கிருஷ்ணகிரி, வேலூர் ஆகிய ஊர்களைத் தொட்டுச் சென்னையில் முடிகிறது.

அந்தச் சாலையில் தம் சொந்த மகிழுந்திலேயே ஊருக்குச் செல்ல ஒரு குடும்பம் விரும்பியது. தாத்தாவின் சிற்றூர் காஞ்சிபுரத்திற்கு அருகில் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் தொடர்வண்டியில் சென்றவர்களுக்குச் சாலைவழி புதிது. வண்டியோ பழையது, அதில் வழிகாட்டும் திரை இல்லை. "கைப்பேசியே போதாதா?" என்றார் அப்பா. "வெயிலில் கைப்பேசி சூடாகிவிடும். நடுவில் அழைப்பு வந்தால் வழி மறையும். மலைப்பாதையில் இணையம் கிடைக்காமலும் போகலாம்" என்றார் அம்மா. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் இருவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடையில் பலவகைக் கருவிகள் இருந்தன. பாட்டு, திரைப்படம், விளையாட்டு எனப் பல வசதிகள் கொண்டவை விலை மிகுந்திருந்தன. மகள் தன் குறிப்பேட்டில் தேவைகளை மட்டும் எழுதினாள். இந்தியா முழுவதற்கும் உரிய வரைபடம் கருவிக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும். புதிய சாலைகளைச் சேர்க்கும் திருத்தங்கள் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். திரை வெயிலிலும் தெளிவாகத் தெரிய வேண்டும். திருப்பங்களைக் குரலால் சொல்ல வேண்டும். வண்டியின் 12 வோல்ட் மின்செருகியிலிருந்து மின்சாரம் பெற வேண்டும். இவ்வைந்தும் அமைந்த, ஐந்து அங்குலத் திரையுடைய எளிய கருவி ஒன்று குறைந்த விலையில் கிடைத்தது. வாங்கும் விலை குறைவாக இருந்தும் திருத்தங்களுக்கு ஆண்டுதோறும் பணம் கேட்கும் மற்றொரு கருவியை அவர்கள் ஒதுக்கிவிட்டனர்.

"இணையம் இல்லாமல் நாம் இருக்கும் இடம் இதற்கு எப்படித் தெரியும்?" என்று மகள் கேட்டாள். அப்பா விளக்கினார். பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் தொலைவு தெரிந்தால் தன் இடத்தை அது கண்டுகொள்ளும். கருவி எதையும் அனுப்புவதில்லை. வானிலிருந்து வருவதைக் கேட்கிறது, அவ்வளவுதான். ஒளியின் வேகத்தில் வரும் அலை என்பதால், நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும். ஆகவே செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரங்கள் பொருத்தப்பட்டுள்ளன. இந்தியாவும் இதற்கெனத் தன் சொந்த ஏற்பாட்டை அமைத்துள்ளது. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அவ்வமைப்பின் பெயர் நாவிக்.

இடத்தை வானம் சொன்னாலும், அவ்விடத்தில் என்ன இருக்கிறது என்பதை வரைபடம்தான் சொல்ல வேண்டும். இந்திய நிலத்தை நுட்பமாக அளந்து வரைந்த பெரும்பணி, 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தலைமையில் தொடங்கியது. அன்று அளப்பதற்கு உதவியது ஓர் எஃகுச் சங்கிலி. இதைக் கேட்ட மகள், பரங்கிமலையைக் கருவியில் தேடிப் பார்த்தாள்.

பயணத்திற்கு முன் ஒரு வாரம் நிக்டியிலேயே கருவியைப் பழகினர். சிவாஜியும் துக்காராமும் சந்திக்கும் சிலைகள் அமைந்த பக்தி சக்தி சந்திப்பில் மேம்பாலம் ஒரு மட்டத்திலும் பிற பாதைகள் வேறு மட்டங்களிலும் செல்கின்றன. வண்டி எந்த மட்டத்தில் செல்கிறது என்பதில் கருவி தடுமாறியது. திறந்த வெளியிலும் அதன் கணக்கில் சில மீட்டர் பிழை இருக்கக்கூடும். ஒன்றன்மேல் ஒன்றாகவோ பக்கத்துப் பக்கத்திலோ செல்லும் சாலைகளை அதனால் எப்போதும் பிரித்தறிய இயலாது. அத்தகைய இடங்களில் சாலையோரப் பெயர்ப்பலகையே துணை. துக்காராமின் பல்லக்கு ஊர்வலம் தேஹுவிலிருந்து ஆண்டுதோறும் நிக்டி வழியாகச் செல்லும்போது போக்குவரத்து திருப்பிவிடப்படும். இச்செய்தியைப் பதிந்துவைத்த வரைபடம் அறியாது. அண்டை வீட்டார் அறிவர்.

கருவியை ஓட்டுநரின் பார்வையை மறைக்காத இடத்தில் பொருத்தினர். போகும் ஊரைப் புறப்படுமுன்பே பதிவது, வண்டி ஓடும்போது அப்பா திரையைத் தொடாதிருப்பது, மாற்றம் தேவையானால் அருகில் அமர்ந்த அம்மா செய்வது என்று முடிவு செய்தனர். ஊர்ப்பெயரைப் பதியும்போது மகள் ஒன்றைக் கவனித்தாள். வேலூர் என்று தேடியபோது ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் வந்தன. நாமக்கல் மாவட்டத்திலும் ஒரு வேலூர் உண்டு. பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்துப் பார்த்தாலன்றி வண்டி வேறு திசையில் போய்விடும்.

விடியுமுன் புறப்பட்டனர். காத்ரஜ் சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் கருவி பேசாமல் நின்றது. பாறையைக் கடந்து அலை வராது என்பதை அறிந்திருந்ததால் யாரும் பதறவில்லை. வெளியே வந்ததும் அது மீண்டும் பேசியது. பெங்களூரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்தனர்.

காஞ்சிபுரத்தைத் தாண்டிக் கிளைச்சாலையில் திரும்பியபின், கருவியின் திரையில் சாலைக்கோடு முடிந்துபோனது. ஊர்ப்பெயரும் அதில் ஆங்கில எழுத்திலேயே இருந்தது. அவ்வெழுத்தில் லகரமும் ளகரமும் ஒன்றாகவே தோன்றும். தகரமும் டகரமும் மயங்கும். எதிரே இரண்டு மண்பாதைகள் பிரிந்தன. ஒன்றின் தொடக்கத்தில், பாதி அழிந்த தமிழ் எழுத்துகளுடன் ஒரு பலகை நின்றது. மகள் வண்டியிலிருந்து இறங்கி அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். தாத்தாவின் ஊர்ப்பெயரில் உள்ள ளகரம் அதில் இருந்தது. ஆயினும் உறுதிப்படுத்திக்கொள்ள, வரப்பில் நின்ற முதியவரை அணுகி, "ஐயா, இந்தப் பாதை ஊருக்குள் போகுமா?" என்று கேட்டாள்.

"போகும் அம்மா. யார் வீட்டுக்கு?" என்றார் அவர்.

அவள் தாத்தாவின் பெயரைச் சொன்னாள். முதியவர் கையிலிருந்த மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவைத்துவிட்டு, வழி காட்ட வண்டிக்கு முன்னே நடக்கலானார்.