இரு தலைநகரங்கள்

டில்லியில் செவிலியாகப் பணிபுரியும் எம் மகளுக்குச் சனவரியில் பேறுகாலம். உத்திரமேரூரிலிருந்து நாங்கள் இருவரும் சென்றே ஆகவேண்டும். மாநிலத் தலைநகர் என்றால் கவலையில்லை. காலையில் பேருந்தேறி மாலையில் வீடு திரும்பலாம். நாட்டின் தலைநகரோ சென்னையிலிருந்து இன்னும் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர்! தமிழ்நாடு விரைவு வண்டியிலும் இரண்டு இரவுகள்.

முன்பு இரயிலில் முதியோருக்குச் சலுகை இருந்தது: ஆண்களுக்கு நூற்றுக்கு 40, பெண்களுக்கு 50. அது 2020 மார்ச்சில் நின்றது. எனவே குளிர்சாதனப் பெட்டியை எண்ணாமல் சாதாரணப் படுக்கைப் பெட்டியிலேயே இடம் பதிந்தோம். மிச்சம் பிடித்த பணம் கம்பளி வாங்கவே சரியாயிற்று. சனவரி இரவிலும் சென்னையில் வெப்பம் 20 பாகையை ஒட்டியே நிற்கும். அது கடல் தரும் காவல். கடலில்லா டில்லியில் 7 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. நாகபுரியைத் தாண்டினால் சன்னல் இடுக்கிலும் குளிர் நுழையுமாம்.

"மே மாதம் போனால் ஆகாதா?" என்றார் அண்டை வீட்டார். மே மாதத்தில் அங்கே 40 பாகை வெயில்! மேலும், குழந்தை அதுவரை காத்திருக்குமா?

மூடுபனியில் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாகும் என்று மகள் எழுதியிருந்தாள். ஆகவே கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாளே புறப்படுகிறோம்.